வெளியில் சமைக்க வலுவான புரொப்பேன் அடுப்பு: பாத்திரத்தில் தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முறை

பெரிய அடுப்பு வாங்கச் செல்பவரின் கண் முதலில் போவது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணின் மீதுதான். என் முதல் அடுப்பை நானும் அப்படித்தான் வாங்கினேன். மணிக்கு 2,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) என்று போட்டிருந்தது, அதைவிடப் பெரிய எண் அங்கே வேறெதிலும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுத்து வந்து, கையிலிருந்த சிறிய சிலிண்டரில் மாட்டி, ஓர் அண்டா நீரை ஏற்றி வைத்தேன். முதல் சில நிமிடங்கள் அது இரைந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் இரைச்சல் அடங்கிச் சுடர் சுருங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளை வெளேரென்று உறைபனி படிந்திருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. அடுப்பில் கோளாறு ஏதுமில்லை, எரிவாயுவும் தீரவில்லை. அந்த அடுப்பு கேட்ட அளவுக்கு வாயுவைக் கொடுக்க அந்தச் சிலிண்டரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியில் உள்ள எண், மற்ற எல்லாம் ஒத்துழைத்தால் அந்த அடுப்பு எவ்வளவு வாயுவை எரிக்கும் என்பதைச் சொல்கிறதே ஒழிய, பாத்திரத்துக்குள் எவ்வளவு வெப்பம் போகும் என்பதைச் சொல்வதில்லை. சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், ஜெட் (வாயு பீறிட்டு வரும் சிறு துளையுள்ள முனை), அடுப்புத் தலை (சுடர் எழும் பகுதி), பாத்திரம் ஆகிய ஆறும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அவற்றுள் எது மெலிந்ததோ அதுவே அடுப்பின் வலிமையை முடிவு செய்கிறது. எனவே பாத்திரத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் சிலிண்டர் வரை கணக்குப் போட்டுவிட்டு, அதன் பிறகே அடுப்பைப் பார்க்கப் போவது நல்லது.

எவ்வளவு வலிமை தேவை?

ஒரு கிலோவாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 3,412 பி.டி.யு. ஆகும். அதன்படி 30,000 பி.டி.யு. அடுப்பு ஏறத்தாழ 9 கிலோவாட்; 60,000 என்றால் 17.6, 2,00,000 என்றால் 58 கிலோவாட்டுக்கும் மேல். வீட்டுக்குள் இருக்கும் அடுப்பின் பெரிய பர்னர்கூடப் பெரும்பாலும் 3 அல்லது 4 கிலோவாட்டைத் தாண்டுவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பது விளங்கும்.

20 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6,280 கிலோஜூல் வெப்பம், அதாவது 1.75 கிலோவாட்-மணி, நீருக்குள் சென்று சேர வேண்டும். இதை 20 நிமிடங்களில் முடிக்க விரும்பினால் தொடர்ந்து 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமாக நீருக்குள் போக வேண்டியிருக்கும். ஆனால் திறந்தவெளியில் எரியும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் பாத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்து காற்றோடு போய்விடுகிறது. பத்தில் நான்கு பங்கு உள்ளே போனால் அதை நல்ல அடுப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் 13 கிலோவாட், அதாவது 45,000 பி.டி.யு. அளவுள்ள அடுப்பு போதும். 40 லிட்டரை அரை மணி நேரத்தில் கொதிக்க வைக்க வேண்டுமானாலும் 60,000 பி.டி.யு. ஈடுகொடுக்கும். இதற்கு மேலுள்ள எண்கள் மிகப் பெரிய பாத்திரங்களுக்கும், சில நொடிகளில் வாணலியைச் சிவக்கச் சுட வைக்கும் சமையலுக்கும் உரியவை. மற்றவர்களுக்கு அவை இரைச்சலையும் செலவையுமே கூட்டித் தரும்.

செலவு என்று சொன்னதை எண்ணில் காட்டுகிறேன். ஒரு கிலோ புரொப்பேனில் ஏறத்தாழ 14 கிலோவாட்-மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. 2,00,000 பி.டி.யு. அடுப்பை முழுமையாகத் திறந்து எரித்தால் மணிக்கு 4 கிலோவுக்கும் மேல் வாயு தீரும். 9 கிலோ நிரப்பிய சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

மேல் எல்லையைப் பார்ப்பது போலவே கீழ் எல்லையையும் பார்க்க வேண்டும். கொதி வந்தபின் தீயைக் குறைத்துச் ‘சிம்’மில் வைக்க முடியாத அடுப்பில் நீரைத் தவிர வேறெதையும் நிம்மதியாகச் சமைக்க முடியாது, அடிப்பிடித்துவிடும். இந்தக் கீழ் எல்லையைத் தயாரிப்பாளர்கள் அரிதாகவே குறிப்பிடுகிறார்கள். முடிந்தால் எரித்துக் காட்டச் சொல்லி, மிகக் குறைந்த தீயில் சுடர் சீராக நிற்கிறதா, அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக அணைந்து மறுபடி பற்றுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அழுத்தமும் ரெகுலேட்டரும்

வாங்குபவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. அதன் மேல் நிற்கும் ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 7 பாருக்கு மேல் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம்); 0 டிகிரியில் 4 பாருக்குச் சற்றுக் கீழே இறங்கும். இந்த அழுத்தத்தை அடுப்புக்கு ஏற்றபடி குறைத்து, ஏற்ற இறக்கமின்றி அனுப்புவதே ரெகுலேட்டரின் வேலை. குறைந்த அழுத்த ரெகுலேட்டர்கள் நாட்டுக்கு நாடு சிறிது வேறுபட்டாலும், பொதுவாக 28 முதல் 50 மில்லிபார் வரையில் ஒரே அழுத்தத்தைத் தருபவை. வீட்டு அடுப்புகளும் பெரும்பாலான கிரில்களும் இவற்றில்தான் இயங்குகின்றன. உயர் அழுத்த ரெகுலேட்டர்களில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்கும். 10, 20, 30 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் மற்றோர் அலகு) என அவற்றின் உச்ச அளவு குறிக்கப்பட்டிருக்கும். 10 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 0.7 பார், அதாவது 700 மில்லிபார். இரண்டு வகைகளுக்கும் இடையே இருப்பது சிறு வேறுபாடு அல்ல, பத்து மடங்குக்கும் மேலான இடைவெளி.

ஜெட்டின் துளை வழியே செல்லும் வாயுவின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடுகிறது. அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் வாயு இரண்டு மடங்காகும். எனவே 700 மில்லிபாரில் எரியும்படி செய்த அடுப்பை 30 மில்லிபார் ரெகுலேட்டரில் மாட்டினால், உரிய வாயுவில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். கையிலிருந்த பழைய ரெகுலேட்டரைப் பொருத்திவிட்டு “அடுப்பு மட்டம்” என்று திட்டுபவர்கள் பலர். இதற்கு நேர்மாறான தவறு ஆபத்தானது. குறைந்த அழுத்தத்துக்குச் செய்த அடுப்பில் உயர் அழுத்த ரெகுலேட்டரை மாட்டினால் ஐந்து மடங்கு வாயு பாய்ந்து, சுடர் அடுப்புத் தலையைவிட்டு எழும்பிப் பறக்கும். குறைந்த அழுத்தத்துக்கான ரப்பர் குழாய் அதன் மூட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளவும் கூடும்.

ஆகவே அடுப்பையும் ரெகுலேட்டரையும் குழாயையும் ஒரே தொகுப்பாக வாங்குவதே உத்தமம். தனித்தனியாக வாங்க நேர்ந்தால், அடுப்பின் உடலிலோ கையேட்டிலோ குறித்திருக்கும் அழுத்தமும், ரெகுலேட்டர் தரும் அழுத்தமும், அது நொடிக்கோ மணிக்கோ கடத்தக்கூடிய வாயுவின் அளவும் பொருந்துகின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். குழாயின் மேல் அது தாங்கும் அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். முனையில் செருகி கிளிப் போட்டு இறுக்கும் குழாய் குறைந்த அழுத்தத்துக்கு மட்டுமே உரியது. உயர் அழுத்தத்துக்கு முனைகளில் உலோக இணைப்பு அழுத்திப் பொருத்தப்பட்டு, மரையில் திருகும் வகைதான் வேண்டும்.

ஜெட் துளையின் அளவை மாற்றிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். 1 மில்லிமீட்டர் துளையை 1.4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினாலே வாயு இரண்டு மடங்காகிவிடும். ஆனால் காற்று நுழையும் வாய் அப்படியே இருப்பதால் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். ஊசியால் குத்தித் துளையைச் சுத்தம் செய்வதுகூட நாளடைவில் அதைப் பெரிதாக்கிவிடும் என்பதால், அழுத்தக் காற்றால் ஊதி எடுப்பதே நல்லது. குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கென்று செய்த அடுப்பின் ஜெட் துளை புரொப்பேன் அடுப்பினுடையதைவிடப் பெரியது. அதில் புரொப்பேனை மாட்டவே கூடாது.

சிலிண்டர் ஏன் உறைகிறது?

புரொப்பேன் கழித்தல் 42 டிகிரியில் கொதிக்கிறது. சிலிண்டரைத் திறந்தவுடன் உள்ளேயுள்ள திரவம் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அது தன்னிடமிருந்தும், சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. 20 கிலோவாட் அடுப்பு மணிக்கு ஏறத்தாழ 1.4 கிலோ வாயுவைக் கேட்கும். அதை ஆவியாக்க மட்டுமே தொடர்ந்து 140 வாட் அளவு வெப்பம் தேவை. பழைய 75 வாட் குண்டு பல்புகள் இரண்டை விடாமல் எரிப்பதற்கு ஏறத்தாழ ஈடானது அது. சிறிய சிலிண்டரின் சுவருக்கு அவ்வளவு வெப்பத்தைக் காற்றிலிருந்து இழுக்கும் பரப்பு கிடையாது. அதனால் திரவம் குளிர்கிறது, அழுத்தம் விழுகிறது, சுவரில் பனி படிகிறது. திரவம் எந்த மட்டம் வரை நிற்கிறதோ அந்த மட்டம் வரைதான் பனி படியும் என்பதால், மீதமுள்ள வாயு எவ்வளவு என்பதை அந்தக் கோடே காட்டிவிடும். நான் பிற்பாடு எடைபோட்டுப் பார்த்தபோது அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இதிலிருந்து தெளிவாவது, வலுவான அடுப்புக்குப் பெரிய சிலிண்டர் வேண்டும், அதிலும் நிறைந்த சிலிண்டர் வேண்டும் என்பதுதான். 15 கிலோவாட்டுக்கு மேலுள்ள அடுப்பை ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிக்கப் போகிறவர் குறைந்தது 9 அல்லது 10 கிலோ கொள்ளளவுள்ள சிலிண்டரை எண்ணிக்கொள்ளலாம். குளிர்ந்த இடத்தில் அதைவிடப் பெரியதே தேவைப்படும். கையடக்கமான முகாம் குப்பிகள் இந்த வேலைக்கு ஆகா. பனி படிந்த சிலிண்டரை நெருப்பருகே நகர்த்துவதோ, அதன்மேல் கொதிநீரை ஊற்றுவதோ உயிரோடு விளையாடுவதாகும். தீயைக் குறைப்பதும் வேறு சிலிண்டரை மாட்டுவதுமே வழி.

எந்த வாயு என்பதிலும் கவனம் வேண்டும். வெப்பமான நாடுகளில் சமையல் எரிவாயு என்று விற்கப்படுவது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடுகிறது. மலைப்பகுதிக்கும் குளிர்காலத்துக்கும் தூய புரொப்பேன்தான் ஏற்றது.

ரெகுலேட்டரோடு வரும் அழுத்தமானியைப் பார்த்து வாயு எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியாது; ஒரு சொட்டுத் திரவம் உள்ளே இருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பின்பற்றும். சிலிண்டரின் கழுத்திலோ கைப்பிடியிலோ பொறித்திருக்கும் வெற்று எடையை, தராசு காட்டும் எடையிலிருந்து கழிப்பதுதான் சரியான கணக்கு.

அடுப்புத் தலை

ஒரே ஜெட்டிலிருந்து தடித்த தீத்தூண் எழும்பும் வகை, நீரைக் கொதிக்க வைப்பதிலும் வட்ட அடி வாணலியைச் சூடாக்குவதிலும் கெட்டி. ஆனால் வெப்பம் நடுவில் குவிவதால் தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் ஓரிடம் கருகும், இரைச்சலும் மிகுதி. வார்ப்பிரும்பு வளையத்தில் பல துளைகள் உள்ள வகை வெப்பத்தைப் பரப்பித் தரும். தீயைக் குறைக்கவும் இடம் கொடுக்கும். இரண்டு அல்லது மூன்று வளையங்களுக்குத் தனித்தனித் திருகு இருந்தால் உள்வளையத்தை மட்டும் எரித்து மெதுவாகச் சமைக்கலாம். எல்லா வேலைக்கும் ஒரே அடுப்பு வேண்டும் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சிறு பித்தளை நாசில்கள் பலவற்றைக் கொத்தாக நட்டு வைத்த வகை வாணலிக்குச் சிறப்பானது என்றாலும், பொங்கி வழிந்தால் நாசில்கள் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கழற்றித் துப்புரவு செய்யப் பொறுமை வேண்டும்.

அடுப்புத் தலையின் விட்டம் பாத்திரத்தின் அடியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலேறினால் அந்த வெப்பம் வீண், கைப்பிடிகளும் சுடும். சுடரின் நுனி அடியைத் தொடும் உயரத்தில் பாத்திரம் நிற்க வேண்டும். மிக நெருங்கி அமர்ந்தால் சுடர் முழுதாக எரியும் முன்பே குளிர்ந்த உலோகத்தில் மோதி அடங்கி, கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.

கால்கள், காற்று, தரை

40 லிட்டர் நீர் 40 கிலோ. பாத்திரத்தோடு சேர்த்து 45 கிலோவுக்கு மேல் போகும். அவ்வளவு கொதிநீர் சாய்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டே அடுப்பின் கால்களைப் பார்க்க வேண்டும். தாங்கும் எடை எழுத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று கால் அடுப்பு மேடுபள்ளத் தரையிலும் ஆடாமல் நிற்கும், ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே விளிம்பில் எடை விழுந்தால் எளிதில் கவிழும். நான்கு கால்கள் அகன்று விரிந்த அடுப்பு சமதளத்தில் உறுதியானது. கழற்றி மாட்டும் கால்கள் பயணத்துக்கு வசதி என்றாலும், அடுப்பின் மேல்விளிம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பார்க்கும்போது அவற்றின் மூட்டுகளில் அசைவு தெரிந்தால் அந்த அடுப்பைத் தவிர்த்துவிடலாம். பெரிய பாத்திரத்துக்கு உயரம் குறைந்த அடுப்பே பாதுகாப்பானது. உயரமான அடுப்பின் மேல் ஆழமான பாத்திரத்தை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவே முடியாது.

காற்றுத் தடுப்பு பலர் நினைப்பதைவிட முக்கியமானது. ஓரளவு வீசும் காற்றிலேயே கொதிக்கும் நேரம் கணிசமாக நீண்டுவிடும். அடுப்போடு சேர்ந்த வளைய வடிவத் தகடு நல்லது. ஆனால் தடுப்பு, சிலிண்டரையும் அடுப்பையும் சேர்த்து வளைத்து நிற்கக் கூடாது. அப்படி நின்றால் அடுப்பின் வெப்பம் சிலிண்டருக்குத் திரும்பும். குறைந்தது ஒன்றரை மீட்டர் குழாய் இருந்தால் இரண்டையும் எட்ட வைக்கலாம்.

மரப்பலகைத் தளத்தில் இத்தகைய அடுப்பை வைக்கவே கூடாது. தாழ்ந்த அடுப்பின் கடும் வெப்பத்தில் கான்கிரீட்டின் மேற்பரப்பும் வெடித்துச் சிதறக்கூடும் என்பதால் மண்ணோ சரளையோ மேல். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். பள்ளமான இடமும், நிலவறை வாசலும் ஆகா. கூடாரத்துக்குள்ளோ, கதவைத் திறந்து வைத்த கார் நிறுத்தும் அறையிலோ எரிப்பது வெளியில் எரிப்பதாகாது; அங்கே கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் சேரும்.

சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு பெரிய அடுப்புகள் பலவற்றில் இல்லை. இருந்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். இல்லையென்றால் ஒருவர் கடைசிவரை அடுப்பருகிலேயே இருந்தாக வேண்டும்.

முதல் முறை பற்ற வைக்கும்போது

சோப்பு கரைத்த நீரை ஒவ்வோர் இணைப்பின் மீதும் தூரிகையால் தடவி, சிலிண்டரைத் திறந்து, அடுப்பின் திருகை மூடியபடியே வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வளர்ந்தால் கசிவு. சிலிண்டர் இணைப்புகள் பலவற்றில் மரை இடப்புறமாகத் திருகும்; வழக்கமான திசையில் முறுக்கி மரையை நாசமாக்கிவிட வேண்டாம். சிலிண்டரின் வால்வை எப்போதும் மெதுவாகத் திறக்க வேண்டும். சில இணைப்புகளில், வாயு திடீரென்று பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டதாகக் கருதி ஓட்டத்தை நெரித்துவிடும் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. நிறைந்த சிலிண்டரிலும் தீ சிறுத்தே எரிந்தால், எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, மெல்லத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதிய அடுப்பின் மேல்பூச்சு முதல் எரிப்பில் புகைந்து நாறும். எதுவும் வைக்காமல் கால் மணி நேரம் எரியவிட வேண்டும். அப்போதே காற்று நுழையும் தகட்டைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். சுடர் மஞ்சளாக நெளிந்து பாத்திரத்தில் கரி அப்பினால் காற்றுப் போதவில்லை. துளைகளைவிட்டு எழும்பி ‘தடதட’வென்று துடித்தால் காற்று மிகுதி. உள்ளே கூர்மையான நீலக் கூம்பும் அதைச் சுற்றி மங்கலான நீல உறையும் தெரியும் நிலையில் தகட்டின் திருகை இறுக்கிவிடலாம். உயரமான மலைகளில் காற்று மெலிந்திருப்பதால் இதை மீண்டும் செய்ய வேண்டிவரும்.

அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் வாயு எரிந்து தீர்ந்தபின் அடுப்பின் திருகை மூட வேண்டும். சில மாதங்கள் எடுத்து வைப்பதாக இருந்தால், வார்ப்பிரும்புத் தலையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போட்டு, காற்று நுழையும் வாயைத் துணியால் கட்டிவிடுவது என் வழக்கம். அந்தக் குழல் சிலந்திகளுக்கு மிகவும் பிடித்த இடம். ஒருமுறை பற்ற வைத்தபோது சுடர் அடுப்புத் தலையில் வராமல் பின்னால் காற்றுவாயில் குபீரென்று எழுந்தது. அணைத்துவிட்டுப் புட்டி கழுவும் தூரிகையை உள்ளே விட்டு இழுத்தேன். பஞ்சு போன்ற வெண்மையான சிலந்திக்கூடு ஒன்று சுருண்டு வந்தது, கட்டைவிரல் அளவுகூட இல்லை.